தெற்குச் சுவரில் இல்லாத ஜன்னல்கள்

1

இந்த ஆடிப் பதினெட்டோடு நான் பெங்களூருக்கு வந்து பத்தொன்பது வருஷம் முடிந்தது. திருப்பத்தூரிலிருந்து ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம். இதையெல்லாம் வெளியூர் வாழ்க்கை என்று எழுதுகிறாளே என்று ஊரில் சிரிப்பீர்கள். பத்தொன்பது வருஷமாக "நீங்க எந்த ஊரு" என்ற கேள்விக்கு வாரம் ஒருமுறை பதில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அன்று காலை எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கிளறி டப்பாவில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். கேஸை மூடினேனா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து இன்னொரு தரம் போனேன். அப்போதும் மூடித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒயிட்ஃபீல்டில் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். அவர் சொல்வார்: "செல்வி, நீ பயந்தது ஒண்ணாவது நடந்திருக்கா?" இல்லைதான். நான் பயப்பட மறந்த ஒன்றுதான் அன்றைக்கு நடந்தது.

ஆபீசில் என் கம்ப்யூட்டரில் ஒரு புகைப்படம் வந்திருந்தது. மெக்சிகோ நாட்டிலிருந்து. கூரையில்லாத ஒரு பழைய கல் தேவாலயம். அதன் முன்னால் புதிதாக உடைத்த கற்கள் ஒரு குவியல், சுண்ணாம்பு மூட்டைகள், கலவை போடும் எந்திரம். கீழே இரண்டு வரி ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். பக்கத்து நாற்காலி அஸ்லம் பாய் படித்துச் சொன்னார்.

"உங்க டிராயிங்குக்கு ரொம்ப தேங்க்ஸ்ன்றாங்கோ. தெற்குச் சுவரு வேலை ஆரம்பிச்சாச்சாம். பாரு சிஸ்டர், நீ போட்ட சுவரை நெஜமாவே கட்டறாங்கோ!"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சுவரை நான் பார்த்ததில்லை. எவரும் பார்த்ததில்லை. இரண்டு ஜன்னல் வைத்த அந்தத் தெற்குச் சுவர் இந்த உலகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது பெங்களூர் அடுகோடியில், லேத் பட்டறைக்கு மேல் இரண்டாவது மாடியில், என் கையில் இருந்த மவுஸில் பிறந்தது.

2

"கம்ப்யூட்டர் கம்பெனியில என்னதான் பண்ற?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஸ்பெயின்காரர்கள் கடல் தாண்டிப் போய்ப் பிடித்த நாடுகளில், சாமியார்களை வைத்து ஊர் ஊராக மிஷன் கட்டினார்கள். நடுவில் தேவாலயம், பக்கத்தில் சாமியார்களின் அறைகள், தோட்டம், தானியக் கிடங்கு. அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த ஜனங்களைக் கொண்டுவந்து சேர்த்து, மணியடித்தால் எழுந்திரு, மணியடித்தால் கும்பிடு, மணியடித்தால் கல் தூக்கு. சுவரைக் கட்டியது அந்த ஜனங்கள்தான். அம்மையிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்ததும் அவர்கள்தான். இன்றைக்கு அவை இடிந்து கிடக்கின்றன. புதிதாகக் கல்யாணமானவர்கள் அங்கே போய்ப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வரும் படங்களின் ஓரத்தில் சில சமயம் ஒரு வெள்ளை கவுன் தெரியும். அதை அழிப்பதும் எங்கள் வேலைதான்.

இடிந்த சுவரை அடி அடியாக நகர்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதை ஒட்டவைத்து, ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கோடு போட்டு, நம்பர் கொடுப்போம். ஒரு நாளைக்கு இருநூறு கல் என்றால் நல்ல கை. வருங்காலத்தில் சுவர் விழுந்துவிட்டாலும் எந்தக் கல் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. கண்ணால் பார்த்த கல்லுக்கு முழுக்கோடு. இருந்திருக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் புள்ளிக்கோடு. ஒன்றும் தெரியாவிட்டால் வெற்றிடம். இதுதான் விதி.

இந்த விதி எனக்குப் புதிதில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, திருப்பத்தூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த நில அளவைக் கடையில் புலப்படம் நகலெடுக்கப் போனேன். அங்கேயும் எல்லைக்கல் கிடைத்திருந்தால் ஒரு குறி, கிடைக்காவிட்டால் வேறு குறி. பதினாறு வயதில் ஒருநாள் ஒரு படத்தில் மூன்று மூலைக்கும் கல் இருந்தது, நான்காவதில் இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அங்கேயும் கல் இருப்பதாகக் குறி போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வரப்பில் அடித்துக்கொண்டார்கள். தம்பிக்கு மண்டை உடைந்தது. கடைக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. தையல் போட்ட தலையோடு அந்த ஆள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "இவருக்குத் தண்ணி கொண்டாந்து குடு" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்லமுடியாது. இதைச் சொல்லவே வாய் கசக்கிறது.

3

அந்தத் தேவாலயத்தின் வடக்குச் சுவர் நன்றாக நிற்கிறது. இரண்டு ஜன்னல். அதைக் கல் கல்லாகப் போட்டு முடித்தேன். தெற்குச் சுவர் பாதி இடிந்தது, முன்னால் ஆளுயரத்துக்கு முள்புதர். படம் எடுத்தவர்கள் புதரைத்தான் எடுத்திருந்தார்கள். சுவர் அதற்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரிந்தது.

மூன்று படங்களில் மட்டும் கிளைகளுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டது. சாதாரணமாகச் சுவரில் கல்லும் கல்லும் சேரும் இடம் ஒன்றின் மேல் ஒன்று வராது, மாறி மாறித்தான் வரும். இங்கே தரையிலிருந்து தலைக்கு மேல்வரை ஒரே நேர்கோடு. நாலு அடி தள்ளி இன்னொரு நேர்கோடு. இரண்டுக்கும் நடுவில் சின்னச் சின்னக் கற்கள், வேறு நிறம். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். அது வாசல். பிற்பாடு யாரோ கல் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

எங்கள் முதலாளி லோகேஷ் மண்டியாக்காரர். தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்கே வாசல்? முள்ளுதான் தெரியுது எனக்கு."

"இல்ல சார், இந்தக் கோடு பாருங்க. புள்ளிக்கோடு போட்டு, புதரை வெட்டிட்டு மறுபடி படம் எடுக்கச் சொல்லி ஒரு மெயில்…"

"நாளைக்கு ஃபைல் போகணும். மறுபடி எடுக்கறதுக்கு எஷ்டு தினா ஆகுத்தே, எத்தனை நாள்? வடக்குச் சுவர எடுத்து மிரர் அடிச்சுடுங்க செல்வியம்மா. சர்ச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கட்டியிருப்பாங்க."

"கல்லு நம்பர் எல்லாம் அப்படியே வந்துடுமே சார்."

"நம்பர மாத்துங்க. யாரு போய் ஒரு ஒரு கல்லா எண்ணப் போறாங்க? பிடம்மா!"

பிடம்மா என்றால் விடும்மா. இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் அது ஒன்று.

கண்ணாடியில் முகத்தைக் காட்டுகிற மாதிரி, ஒரு பக்கத்தை அப்படியே மறுபக்கமாகத் திருப்பிப் போடுகிற கட்டளைதான் மிரர். இரண்டே அமுக்கு. பதினைந்து நாள் வேலை கால் நிமிஷத்தில் முடிந்தது. வாசல் போய் ஜன்னல் வந்தது. இந்த அடுகோடி மாடிகளில் இது தினப்படி நடக்கிற சங்கதி என்று அஸ்லம் பாய் சொன்னார். நான் செய்தது அதுதான் முதல் தரம் என்று நான் சொன்னால் அதுவும் மிரர்தான்.

தாளின் கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரைந்தவர்: என் பெயரின் சுருக்கம். தளத்தில் சரிபார்க்கப்பட்டதா: ஆம். எல்லாத் தாளிலும் ஆம்தான். நாங்கள் யாரும் கடலைத் தாண்டியதில்லை.

ஆடிப் பதினெட்டன்று அந்தப் படம் வந்ததும் லோகேஷிடம் ஓடினேன். எலுமிச்சை சாதம் நீட்டினேன், வாங்கிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"இடிஞ்சதத்தானே கட்டறாங்க? நல்ல காரியம்தானே."

"நடுவுல இருக்கற பழைய கல்லையெல்லாம் எடுத்துட்டு நம்ம படம் மாதிரி கட்டுவாங்க சார். அந்த வாசல் போயிடும்."

"அந்தச் சுவர்ல லைட் அடிச்சு ராத்திரி ஷோ காட்டப் போறாங்கம்மா. ஃபுல் சுவர் வேணும் அவங்களுக்கு. வாசல் யாருக்கு வேணும்?" சாதத்தை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். "நீங்க இத எங்கயும் பேசாதீங்க. பேசினா எனக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கற பதினோரு பேருக்கும் கஷ்டம். அர்த்த ஆய்த்தா?"

அர்த்தமாயிற்று. வாயை மூடிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

4

மறுநாள் லீவு போட்டேன். என் மகள் நிவேதா பி.யூ. இரண்டாம் வருஷம், நம்ம ஊர் ப்ளஸ் டூ, படிக்கிறாள். மேலே படிக்க இந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்று சான்றிதழ் வேண்டும். அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு இது மூன்றாவது நடை. முதல் தரம் வாடகை ஒப்பந்தம் பழையது என்றார்கள். இரண்டாம் தரம் சர்வர் இல்லை என்றார்கள். இந்தத் தரம் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு ஜன்னலில் இருந்தவர் சொன்னார்:

"மனெ பீக ஹாகித்து."

வீடு பூட்டியிருந்ததாம். அவர் நேரில் வந்து பார்த்தாராம்.

தேதியைக் கேட்டேன். சொன்னார். அந்தத் தேதியில் நான் காய்ச்சலோடு நடுக்கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "நீனு பரலே இல்லா!" என்று கத்திவிட்டேன். நீ வரவே இல்லை என்று. இந்த ஊர் மரியாதைப்படி நீவு என்று சொல்லியிருக்கவேண்டும். கோபத்தில் எனக்கு மரியாதை தமிழிலேயே வராது.

"அம்மா! ஆபீசர்கிட்ட நீனுங்கற. நீ பேசாத, நான் பேசறேன்." நிவேதா என்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். பிறகு அவள் பேசிய கன்னடம், அடேயப்பா, தண்ணீர் மாதிரி ஓடியது. அவர்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஃபைலைத் திருப்பி எங்களிடம் காட்டினார். எழுதியிருக்கிறதே, இனி என்ன செய்ய என்கிற மாதிரி.

நிவேதா படித்துச் சொன்னாள். எனக்குக் கன்னட எழுத்து தெரியாது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நான் எழுதுகிற இதை அவள் எந்தக் காலத்திலும் படிக்கப்போவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம்.

"தளத்துக்கு நேரில் சென்று பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. மனுதாரர் அங்கே குடியிருப்பதாகத் தெரியவில்லை. அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."

பத்தொன்பது வருஷம் ஒரே தெருவில் இருந்தவளை, நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமல் ஒருத்தர் மூன்று வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டார். அந்தத் தாளின் முன்னால் நான் வாயடைத்து நின்றேன். நான் நேராக நிற்கிறேன், ஆனால் தாள் என்னைவிடப் பெரியது.

மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினோம். படிக்கட்டின் மூலையெல்லாம் வெற்றிலை எச்சில். நிவேதா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாக்காமலே பாத்தேன்னு எப்படிம்மா எழுதறாங்க? சீ. ராத்திரி சோறு எறங்குமா அந்தாளுக்கு?"

எனக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தது, இவ்வளவு நாளும்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், புதர், மிரர், ஆம் என்கிற கட்டம். மூன்று படங்களை பென்டிரைவில் எடுத்து வந்திருந்தேன்.

"அந்த எலேனாவுக்கு ஒரு மெயில் எழுதிக் குடு."

எலேனா என்பது அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா. புகைப்படம் அனுப்பியவர் அவர்தான். அவர் முன்பு அனுப்பிய குறிப்பில், தேவாலயத்துக்குத் தெற்கே, அதைக் கட்டியவர்களையே புதைத்த நிலம் இருக்கிறது, ஒரு சிலுவையோ பெயரோ கிடையாது என்று இருந்தது. அந்த வாசல் அந்த நிலத்தைப் பார்த்தபடிதான் இருந்தது. எதற்கு அடைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை இனி நான் சொல்லமாட்டேன்.

நிவேதா என்னையே பார்த்தாள். "உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கம்மா."

"தெரியும்."

"அப்பா?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். உன் இஷ்டம்னாரு. அப்புறம் ரெண்டு தரம் தண்ணி குடிச்சாரு."

அவள் சிரிக்கவில்லை. தட்டத் தொடங்கினாள். விரல்கள் வேகமாக ஓடின. முடித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்: "வரைபடத்தில் ஒரு தவறு ஏற்பட்டுவிட்டது. அப்படின்னு ஆரம்பிச்சிருக்கேன்."

"ஏற்பட்டுச்சா? தானா வந்துச்சா அது?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா எழுதுவாங்க. டீசன்ட்டா இருக்கும்."

"நான் செஞ்சேன்னு போடு."

"எதுக்கும்மா? உன் பேர நீயே—"

"அந்த ஆபீஸ்காரரு, வீடு பூட்டியிருந்ததா அறியப்படுகிறதுன்னு எழுதியிருந்தா உனக்கு இனிச்சிருக்குமா? நான் செஞ்சேன்னு போடு. பாத்தேன், தெரிஞ்சும் மாத்தினேன்னு போடு."

அவள் முகம் மாறியது. அருவருப்பு என்றால் என்ன என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். லேத் பட்டறை எண்ணெய் நாற்றம், மழை வந்தால் தெருவில் வழிகிற சாக்கடை, அந்தப் படிக்கட்டு எச்சில். பெற்ற பெண் அரை நிமிஷம் அப்படி நம்மைப் பார்ப்பதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பிறகு அவள் திரும்பி, பழைய வரியை அழித்துவிட்டு வேறு தட்டினாள். படங்களைச் சேர்த்தாள்.

"அனுப்பட்டா?"

கேஸை மூடினேனா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "அனுப்பு" என்றேன்.

6

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் ஆபீசில் போன் அடித்தால் லோகேஷின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் லோகேஷ் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பதினோரு பேரோட சோத்துல மண்ணு போட்டுட்டீங்களேம்மா."

அஸ்லம் பாய்க்கு மூன்று பெண்கள். அவர் அன்று என்னோடு டீ குடிக்க வரவில்லை. நான் செய்தது சரி என்று மார்தட்ட இங்கே நான் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

"அந்தத் தாள நீங்களே திருத்திக் குடுங்க. அதோட வேலைய விட்டு நின்னுக்கலாம்" என்றார் லோகேஷ். எலேனாவின் பதிலை அச்செடுத்து மேஜையில் போட்டார். வெளியே வந்து அஸ்லம் பாயின் நாற்காலி அருகே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்கிப் படித்தார்.

வேலையை நிறுத்திவிட்டார்களாம். ஆனால் ஒரு வாரம் தாமதம். வாசலின் கிழக்குப் பக்கக் கற்களைப் பிரித்து, புதுச் சுவர் முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. அந்த நேர்கோடு போய்விட்டது. மேற்குப் பக்கக் கோடு மட்டும் இன்னும் நிற்கிறது.

அஸ்லம் பாய் தாளைத் திருப்பினார்.

"இன்னும் இருக்கு சிஸ்டர். அங்க புல்லு வெட்டற ஆளு ஒர்த்தரு. அவங்க ஜனங்கள்ல வந்தவரு. கல்லப் பிரிக்கறப்பவே ஓடி வந்து, இங்க வாசல் இருந்திச்சு, எங்காளுங்கள இது வழியாதான் தூக்கினு போனாங்கோன்னு சொன்னாராம். இவங்க நம்ம டிராயிங்க எடுத்துக் காட்டி, அப்படி ஒண்ணும் இல்ல பாருன்னாங்களாம்." தாளை மடித்தார். "அந்தாளு அதப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போய்ட்டாராம்."

அந்த ஆள் தாளின் முன்னால் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து தெற்குச் சுவரை மறுபடி போட்டேன். இரண்டு ஜன்னலையும் அழித்தேன். திருப்பிப் போட்ட கற்கள் எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று படங்களில் நிஜமாகக் கண்ணில் பட்ட கற்களை எண்ணினால் அறுபத்துநாலுதான். அவற்றுக்கு மட்டும் முழுக்கோடு. வாசலின் மேற்கு ஓரத்துக்கு முழுக்கோடு. கிழக்கு ஓரத்துக்கு, அது போய்விட்டபடியால், புள்ளிக்கோடு. பக்கத்தில் குறிப்பு: புல் வெட்டுபவர் சொன்னது, படத்திலும் தெரிந்தது, இப்போது இல்லை. ஆங்கிலம் அஸ்லம் பாய் எழுதிக் கொடுத்தார். அவராகவேதான் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மற்ற இடமெல்லாம் வெள்ளை. இத்தனை வருஷத்தில் நான் போட்டதிலேயே இவ்வளவு காலியான தாள் வேறு இல்லை. கடைசியாகக் கீழ்மூலைக் கட்டத்துக்கு வந்தேன். வரைந்தவர்: என் பெயர், இந்தத் தரம் சுருக்காமல். தளத்தில் சரிபார்க்கப்பட்டதா என்ற இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஆம் என்று நிரப்பி வைத்திருந்தது. அதை அழித்துவிட்டு, இல்லை என்று போட்டேன்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. மறுவிசாரணைக்கு ஆள் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை. அதனால் வெளியே எங்கும் போகாமல், காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.